முப்பது லட்சத்துக்கு மேல் கொஞ்சம்

வீட்டு விலைக்குக் கடன் கொடுக்க வங்கிகள் போட்டி போடுகின்றன. அந்த வீட்டை நம் பெயருக்கு எழுதி வாங்க ஆகும் செலவுக்குக் கொடுக்கத்தான் ஆள் கிடையாது. இதை எங்கள் பக்கத்தில் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. பெரம்பலூர் பழைய பேருந்து நிலையம் பக்கம் ஒரு டீக்கடையில் உட்கார்ந்து, "வீடு வாங்கலாம்னு இருக்கேன்" என்று சொல்லிப் பாருங்கள். வாஸ்து சொல்வார்கள், தண்ணீர் எத்தனை அடியில் என்று சொல்வார்கள், எதிர்வீட்டுக்காரரின் குணம் வரை சொல்வார்கள். கையில் ரொக்கம் எவ்வளவு வேண்டும் என்பதை மட்டும் சொல்ல மாட்டார்கள்.

எனக்கு வேலை பெரம்பலூரில். வீடு அமைந்தது அரியலூரில். விலை முப்பது லட்சம். "எல்லாம் பேங்க்ல குடுத்துருவாங்க மாப்ள, நீ எதுக்குக் கெடந்து அலட்டிக்கிற" என்றார் தாய்மாமா. அவர் கடைசியாக வங்கிக்குள் நுழைந்தது நகைக்கடனுக்கு வட்டி கட்ட.

முப்பது லட்சம் வரையிலான கடனுக்கு, வீட்டு மதிப்பில் 90 சதவீதம் வரை கொடுக்கலாம் என்பது ரிசர்வ் வங்கிக் கணக்கு. ஆக 27 லட்சம் அவர்களுடையது, 3 லட்சம் என்னுடையது. இதுவரை மாமா சொன்னதில் பெரிய பழுதில்லை. அதற்குப் பிறகுதான் வங்கி மேனேஜர் தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, அந்த மதிப்பில் பத்திரச் செலவு சேராது என்றார். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். முப்பது லட்சத்துக்கு 2,70,000 ரூபாய். கிட்டத்தட்ட இன்னொரு முன்பணம். தண்ணீரைக் குடித்தேன்.

இந்த 2 சதவீதத்துக்கு ஒரு கதை உண்டு. 2017இல் அரசு நிர்ணயிக்கும் வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்து, பதிவுக் கட்டணத்தை 1 சதவீதத்திலிருந்து 4 ஆக்கினார்கள். 2023 ஏப்ரலில் கட்டணத்தை 2 ஆகக் குறைத்து, மதிப்பைப் பழைய இடத்துக்கே ஏற்றினார்கள். குறைப்பு என்று செய்தி வரும்போதெல்லாம் பக்கத்திலேயே ஓர் ஏற்றமும் நின்றுகொண்டிருக்கும். தனித்தனியாக இரண்டும் வெளியூர் போனதில்லை.

"என்னங்க, பொம்பளைங்க பேர்ல பதிஞ்சா ஒரு சதவீதம் கொறையுதாம்" என்றாள் மனைவி. 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் அப்படி ஒரு சலுகை இருப்பது உண்மைதான். முப்பதாயிரம் மிச்சம் என்று அன்று வீட்டில் கேசரி. மறுநாள் பத்திர எழுத்தர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "அது பத்து லட்சம் வரைக்கும் உள்ள சொத்துக்குத்தான் சார்" என்றார். சலுகை போய்விட்டது. ஆனால் பத்திரம் யார் பெயரில் என்ற கேள்விக்குக் கேசரியோடு பதில் கிடைத்துவிட்டதால், அதை மறுபடி எடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை. ரிசர்வ் வங்கியும், பத்து லட்சத்துக்கு மேற்படாத வீடென்றால் பத்திரச் செலவையும் மதிப்பில் சேர்த்துக் கடன் கொடுக்கலாம் என்கிறது. அரசு, ரிசர்வ் வங்கி இருவருக்கும் கருணை அதே பத்து லட்சத்தில் வற்றிவிடுகிறது. அந்தப் பணத்துக்கு ஒரு மனை வாங்கலாம். வீட்டை மனசுக்குள் கட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

இந்த இடத்தில் வீட்டை விற்பவர் உதவிக்கு வந்தார். "பத்திரத்துல இருபது போட்டுக்குவோம் தம்பி. வழிகாட்டி மதிப்புக்குக் கீழ போகாது. உங்களுக்கும் லாபம்." பத்து லட்சத்துக்கு 9 சதவீதம், 90,000 ரூபாய் மிச்சம். நாக்கில் எச்சில் ஊறியது. மேனேஜரிடம் ஜாடையாகக் கேட்டேன். பத்திரத்தில் இருபது என்றால் கடனும் இருபதுக்குத்தான்: 18 லட்சம். மீதி 12 லட்சத்தை நான் கையில் எண்ணி வைக்க வேண்டும். தொண்ணூறாயிரத்தை மிச்சம் பிடிக்க ஒன்பது லட்சம் அதிகமாகப் புரட்டும் திறமை இருந்தால் நான் ஏன் அவர் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன்? போதாததற்கு, வீடு நிலம் விற்பவர் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய அளவுக்கே அபராதம் போட வருமான வரிச் சட்டத்தில் 2015 முதல் இடமிருக்கிறது. அபராதம் ரொக்கத்தை வாங்குகிறவருக்குத்தான் என்று தெரிந்ததும் விற்பவர் குரல் மாறியது. "நமக்கு எதுக்குத் தம்பி அந்தக் கள்ளக் கணக்கு? நேர்மையாவே போயிருவோம்."

அடுத்தது வக்கீல். வங்கிப் பட்டியலில் இருந்தவர் வெளியூர்க்காரர். முப்பது வருஷ வில்லங்கமும் மூலப் பத்திரங்களும் கேட்டார். கொடுத்ததும் போன் வந்தது. "சார், முதல் பத்திரம் திருச்சி மாவட்டம்னு இருக்கு. அடுத்தது பெரம்பலூர். அப்புறம் அரியலூர். அதுக்கப்புறம் மறுபடி பெரம்பலூர். நீங்க வாங்குறது அரியலூர்ங்கிறீங்க. எல்லாம் ஒரே வீடுதானா?"

ஒரே வீடுதான். அது இருந்த இடத்திலேயே இருந்தது. மாவட்டம்தான் போய்ப் போய் வந்தது. 1995இல் திருச்சியிலிருந்து பெரம்பலூர் பிரிந்தது. 2001 ஜனவரியில் பெரம்பலூரிலிருந்து அரியலூர் பிரிந்தது. 2002 மார்ச் கடைசியில் திரும்பச் சேர்த்தார்கள். 2007 நவம்பரில் மறுபடி பிரித்தார்கள். எங்கள் சொந்தத்தில் இப்படி ஒரு தம்பதி உண்டு. இதை விளக்க ஓர் உறுதிமொழிப் பத்திரம், அதற்கு நோட்டரி, நோட்டரிக்குக் கட்டணம். வக்கீல் முப்பது வருஷத்தோடு நிறுத்திக்கொண்டதற்கு நன்றி சொல்ல வேண்டும். தோண்டினால் கடல்சிப்பி கல்லாகிக் கிடக்கிற மண் இது. டைனோசர் காலத்தில் இங்கே கடல். அந்தக் கிரயத்தையும் கேட்டிருந்தால் எங்கே போவது?

வக்கீல் கட்டணம், வீட்டை மதிப்பிட வந்த இன்ஜினியர் கட்டணம், வங்கியின் பிராசஸிங் கட்டணம், அதற்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி. தரகருக்குக் கமிஷன். பத்திரங்களை வங்கியில் ஒப்படைத்ததற்கு எம்ஓடி என்று ஒரு தனிப் பதிவு: கடன் தொகையில் அரை சதவீதம் முத்திரைத் தீர்வை, 27 லட்சத்துக்கு 13,500 ரூபாய். அதற்கும் பதிவுக் கட்டணம் தனி. கடன் வாங்கியதற்கே முத்திரை.

பட்டா மாற்றம், வீட்டு வரி, மின் இணைப்புப் பெயர் மாற்றம் எல்லாம் ஆயிரங்களில் முடிந்தன. சுற்றுச்சுவர்தான் முடியவில்லை. சுண்ணாம்புக்கல்லைத் தோண்டித் தோண்டிச் சிமென்ட் ஆலைகள் சூழ்ந்திருக்கிற ஊர். பக்கத்தில் செய்கிற பொருள், மூட்டைக்கு ஏதாவது குறையும் என்று கேட்டேன். கடைக்காரர் வெளியூர்க்காரனைப் பார்ப்பதுபோல் பார்த்தார். இங்கே சிமென்ட்டில் சும்மா கிடைப்பது ஜன்னலில் படிகிற தூசி மட்டும்.

இனிமேல் செலவில்லை என்று நினைத்த நேரத்தில் மாமனார் வந்தார். "மாப்ளே, பால் காய்ச்சுறதை எளிமையா வச்சுக்குவோம், நம்ம சனம் மட்டும்." அவருடைய சனம் ரெண்டு வேனில் வந்தது. பெரம்பலூர்க்காரர்கள், சாம்பாருக்குச் சின்ன வெங்காயம் போடாவிட்டால் அடுத்த தலைமுறைக்கும் பேச்சு இருக்கும். அந்த வாரம் பார்த்து அதன் விலை ஏறியிருந்தது. ஹோமத்துக்குப் பசுவும் கன்றும் வந்தன. பசு ஹாலில் என்ன செய்யுமோ அதைச் செய்தது. எல்லோரும் ராசி என்றார்கள். கழுவியது நான்.

மறுவாரம் பத்திரம் ஸ்கேன் ஆகிவிட்டதாகச் செய்தி வந்தது. மனைவி மஞ்சள் குங்குமத்தோடு பூஜை அறையில் இடம் ஒதுக்கி வைத்திருந்தாள். அசல் நேராக வங்கிப் பெட்டகத்துக்குப் போனது. கடன் முடிந்தால்தான் வரும். எங்களுக்கு ஜெராக்ஸ். "சாமிகிட்ட வைக்கிறது, கலர்ல எடுங்க" என்றாள். பக்கத்துக்குப் பத்து ரூபாய்.