காலணாவில் வந்த குடும்பச் செய்தி

கேள்வி: வாட்ஸ்அப் இல்லாத காலத்தில் உடன்பிறந்தவர்கள் குடும்பச் செய்திகளை எப்படிப் பகிர்ந்துகொண்டார்கள்?
– வாசகி, நாகல் நகர், திண்டுக்கல்

பதில்: 1875-இல் திண்டுக்கல்லுக்கு ரயில் வந்தது, 1879-இல் காலணா அஞ்சலட்டையும் வந்தது. மூலைகளில் மஞ்சள் தடவியிருந்தால் நல்ல சேதி. கறுப்பு மை இருந்தால் துக்கம். எழுதப் படிக்கத் தெரியாத தங்கைக்கும் பாதி விஷயம் புரிந்துவிடும். மீதியைத் தபால்காரர் படித்துச் சொல்வார், தெருவுக்கும் தெரிந்துவிடும்!

ஜெர்மனியில் இசைமேதை பெலிக்ஸ் மெண்டல்சனும் அக்கா ஃபேனியும் கல்யாணமான பிறகும் பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டார்கள். 1847 மே மாதம் அக்கா இறந்தார்; நவம்பரில் தம்பியும் போய்ச்சேர்ந்தார்.

நம் குடும்பக் குழுவிலோ 'குட் மார்னிங்' ரோஜா தவறாமல் வருகிறது. சிறுமலையில் இருந்த குடும்பத் தோட்டம் கைமாறிய சேதிதான் வருவதில்லை. அஞ்சலட்டை இன்றும் 50 காசுதான். அண்ணனுக்கு ஒன்று போட்டுக் கேளுங்கள்!