55 மில்லிமீட்டர் அழகு

நண்பரே, உங்கள் ரேடியேட்டரைப் போல் அழகானதை நான் பார்த்ததில்லை. முழு அலுமினியம், 55 மில்லிமீட்டர் கனம். பற்றவைப்பு ஒரு நூல் பிசகவில்லை. குனிந்து பார்த்தால் முகம் தெரிகிறது. டர்போ பூட்டிய மாஸ்டா எம்எக்ஸ்-5 ஒன்றைப் பந்தயத் தளத்தில் ஓட்ட வேண்டும் என்று போய் நின்றால் கடையில் முதலில் எடுத்துக் காட்டுவது இதைத்தான். நீங்களும் பேரம் பேசாமல் வாங்கிவிட்டீர்கள். கலிபோர்னியாவின் தண்டர்ஹில் தளத்தில், ஜூலை மாதத்து 40 டிகிரி வெயிலில், நீங்கள் பானெட்டைத் திறந்து வைத்ததும் கூடிய கூட்டமே அந்த அழகுக்குச் சாட்சி. காரோடு வந்த பழைய ரேடியேட்டருக்கு இந்த மரியாதை ஒருநாளும் கிடைத்ததில்லை. அதன் பிளாஸ்டிக் தொட்டி வயதானால் கறுப்பிலிருந்து பழுப்பாகும். விரிசல் விடப் போகிறேன் என்று சொந்தக்காரரை முன்கூட்டியே கலவரப்படுத்தும். உங்களுடையதோ எதையும் வெளியே காட்டிக்கொள்ளாது.

அந்தக் கனத்தின் பொறுமையையும் சொல்ல வேண்டும். முன்வரிசைக் குழாய்கள் காற்றைச் சூடாக்கிப் பின்னால் அனுப்புகின்றன. பின்வரிசைக் குழாய்கள் அந்தச் சூட்டை முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொள்கின்றன. கனம் கூடக் கூட, ஊடே காற்றைத் தள்ள அதிக அழுத்தம் வேண்டும். அழுத்தம் எங்கிருந்து வரும் என்ற கேள்வியை வைத்து நீங்கள் யாரையும் சங்கடப்படுத்தவில்லை.

உங்கள் குணங்களில் எனக்கு மிகவும் வியப்பூட்டுவது காற்றுக்கு நீங்கள் கொடுத்திருக்கும் சுதந்திரம். பம்பரின் வாய்க்கும் ரேடியேட்டருக்கும் நடுவே நான்கு பக்கமும் திறந்து கிடக்கிறது. மேலே ஒரு கை தாராளமாக நுழையும். எடை குறைக்க அடித்தட்டையும் கழற்றிவிட்டீர்கள். எதிர்ப்பு குறைந்த வழியில் போவது காற்றின் இயல்பு. ரேடியேட்டரின் நெருக்கமான துடுப்புகளுக்குள் புகுந்து கஷ்டப்படாமல் அது மேலேயும் கீழேயும் பக்கவாட்டிலும் உல்லாசமாக வெளியேறுகிறது. வேறொருவராக இருந்தால் அலுமினியத் தகட்டை வெட்டி, ஓரங்களில் ஸ்பாஞ்சு ஒட்டி, நாலு ரிவெட் அடித்து, பம்பருக்குள் வந்த காற்று ரேடியேட்டர் வழியாகத் தவிர வேறெங்கும் போக முடியாதபடி அடைத்திருப்பார். அப்படி அடைத்துவிட்டால் முன்வாய் ரேடியேட்டர் பரப்பில் மூன்றில் ஒரு பங்கு இருந்தாலே போதும். உள்ளே வந்த காற்று விரிந்து, வேகம் தணிந்து, அழுத்தம் கூடி, துடுப்புகளுக்குள் தானே புகும். 1930-களில் இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவில் மெரிடித் என்ற பொறியாளர் விமான ரேடியேட்டர்களுக்காக இந்தக் கணக்கை ஆராய்ந்தார். பி-51 மஸ்டாங் போர் விமானத்தின் வயிற்றுக்கடியில் தொங்கும் அந்தப் பெரிய காற்றுவழி அதே வழியில் வந்தது. அதில் காற்று உள்ளே வரும் வாய்க்கு எவ்வளவு யோசித்தார்களோ, சூடான பின் வெளியேறும் வாய்க்கும் அவ்வளவு யோசித்தார்கள். காற்றிடம் அத்தனை கண்டிப்பு காட்ட உங்கள் மென்மையான மனம் இடம் கொடுக்கவில்லை.

வெளியேறும் வழியிலும் உங்கள் ரசனைதான் முன்னால் நிற்கிறது. பானெட்டின் பின் ஓரத்தில் வாஷர் அடுக்கி இரண்டு விரல் உயர்த்தியிருக்கிறீர்கள். நிறுத்தி வைத்திருக்கும்போது அங்கே வெப்பம் அலையலையாக எழும்புவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். வேகம் எடுத்ததும் முன்கண்ணாடியின் அடிவாரத்தில் காற்றழுத்தம் ஏறும். அதனால்தான் கார்த் தயாரிப்பாளர்கள் கேபினுக்குக் காற்று எடுக்கும் துவாரத்தை அங்கேயே வைக்கிறார்கள். ஆக, நீங்கள் திறந்து வைத்த வாசல் வழியே வெளிக்காற்று என்ஜின் அறைக்குள் வந்து, ரேடியேட்டரைக் கடந்து வெளியேறப் பார்க்கும் காற்றை எதிர்கொண்டு வரவேற்கிறது. பானெட்டின் முன்பகுதியில், அழுத்தம் குறைந்த இடம் பார்த்துத் துளை போட்டிருந்தால் இந்தச் சந்திப்பு நடந்திருக்காது, பெயின்டும் கெட்டிருக்கும்.

இன்டர்கூலரைப் பற்றி ஒரு வார்த்தை. 30 டிகிரிக் காற்றை டர்போ இரண்டு மடங்கு அழுத்தினால், அதன் திறன் 70 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், காற்று 125 டிகிரி அளவில் வெளியே வரும். தண்டர்ஹில் வெயிலில் இன்னும் கூடும். அந்தச் சூட்டையெல்லாம் வாங்கி, வஞ்சகமில்லாமல் பின்னால் நிற்கும் ரேடியேட்டரின் மேலேயே இறக்கி வைக்கிறது உங்கள் இன்டர்கூலர். ரேடியேட்டர் முழுவதையும் மறைக்கும் அளவில் பார்த்து வாங்கியதால் ஒரு மூலைக்குக்கூடப் பாரபட்சம் இல்லை. 100 டிகிரித் தண்ணீரை 40 டிகிரிக் காற்று குளிர்விக்கும்போது இடையில் 60 டிகிரி வித்தியாசம் இருக்கும்; காற்று 60 டிகிரியில் வந்து சேர்ந்தால் மிஞ்சுவது 40. ரேடியேட்டர் பிழைப்பது அந்த வித்தியாசத்தில்தான். மூன்றில் ஒரு பங்கை முன்னாலேயே தானம் செய்துவிட்டு அது நிற்கிறது.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்த உங்கள் துணிச்சலை எத்தனை பேர் மெச்சினார்கள்! அது தண்ணீரைச் சற்றுத் தடுப்பதால் சிலிண்டர் ஹெட்டுக்குள் அழுத்தம் நிற்கும். அந்த அழுத்தம், எக்ஸாஸ்ட் வால்வைச் சுற்றிய தண்ணீரில் ஆவிக்குமிழிகள் கிளம்பாமல் அடக்கும். குமிழிகளையும் நீங்கள் அடக்கி வைக்க விரும்பவில்லை. ரேடியேட்டர் மூடியிலும் அதே கருணை: ஸ்பிரிங் தளர்ந்த பழைய மூடி அப்படியே இருக்கிறது. 0.9 பார் அழுத்தத்தைப் பிடித்து நிற்கும் மூடி இருந்தால் வெறும் தண்ணீர் சுமார் 119 டிகிரி வரை கொதிக்காது. உங்கள் மூடி 0.5 பாரிலேயே வழிவிட்டால் 111-இல் கொதிக்கலாம். ரேடியேட்டருக்குக் கொடுத்த பணத்தோடு பார்த்தால் புது மூடியின் விலை ஒரு பொருட்டே இல்லை. அவ்வளவு சின்னப் பொருளில் உங்கள் கண் படாதது இயல்புதான்.

பச்சைக் கூலன்ட்டைப் பாதிக்குப் பாதி ஊற்றியதில் உங்கள் முன்யோசனை தெரிகிறது. தண்டர்ஹில்லில் ஜூலை மாதம் பனி உறைந்தாலும் உங்கள் என்ஜினுக்கு ஒன்றும் ஆகாது. அந்தக் கூலன்ட்டில் உள்ள கிளைக்கால் கலந்த தண்ணீர் வெறும் தண்ணீரைவிடக் குறைவாகவே வெப்பத்தைச் சுமக்கும் என்பதும், தளத்தில் சிந்தினால் வழுக்கும் என்பதால் பல பந்தயங்களில் அதைத் தடை செய்திருக்கிறார்கள் என்பதும் குளிர்காலத்தை நினைக்காதவர்களின் கவலை. அவர்கள் தண்ணீரோடு துருத்தடுப்பு மருந்து மட்டும் கலந்து ஓட்டுகிறார்கள்.

ஆனால் உங்கள் சிக்கனத்துக்கு உண்மையான சாட்சி நான்காவது சிலிண்டர்தான். இந்த என்ஜின் என் மனதுக்கு நெருக்கமானது; அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 1989-இல் வந்த முதல் எம்எக்ஸ்-5-இன் 1.6 லிட்டர் என்ஜினும் பின்னால் வந்த 1.8-உம், மாஸ்டா 323 போன்ற முன்சக்கர இழுவைக் கார்களில் குறுக்காக உட்கார்ந்திருந்த குடும்பத்தைச் சேர்ந்தவை. அங்கே பம்ப் ஒரு முனையில், தண்ணீர் வெளியேறும் வாய் மறுமுனையில். நான்கு சிலிண்டரையும் கடந்த பிறகுதான் தண்ணீர் வெளியே வரும். எம்எக்ஸ்-5-க்காக என்ஜினை நீளவாக்கில் திருப்பியதும் பின்முனை கேபின் சுவரை ஒட்டிப் போய்விட்டது. தெர்மோஸ்டாட்டைப் பம்ப் இருக்கும் முன்பக்கத்துக்கே கொண்டுவந்தார்கள். உள்ளே போன தண்ணீரில் பெரும்பகுதி வந்த பக்கமே திரும்பிவிடும். நான்காவது சிலிண்டர் இருக்கும் பின்முனையில் தண்ணீரை இழுக்க ஹீட்டருக்குப் போகும் மெல்லிய குழாய் ஒன்றுதான் மிச்சம். 115 குதிரைத்திறன் அளவில் சாலையில் ஓடும் காருக்கு அது போதும். லட்சக்கணக்கான கார்கள் அப்படியே நன்றாக ஓடின. டர்போ பூட்டிச் சக்தியை இரட்டிப்பாக்கியவர்கள்தான் தெர்மோஸ்டாட்டை மறுபடி ஹெட்டின் பின்முனைக்கு மாற்றி, அங்கிருந்து ரேடியேட்டருக்கு நீளமாக ஒரு ஹோஸ் இழுத்தார்கள். அந்த வாய்க்குக் கியா ஸ்போர்ட்டேஜின் உதிரி பொருந்தும் என்று கண்டுபிடித்துக் குறைந்த செலவில் முடித்தவர்களும் உண்டு. செய்து முடித்தால் பானெட்டைத் திறந்தாலும் அது கண்ணில் படாது. கண்ணில் படாத வேலைக்கு நீங்கள் ஒரு டாலர்கூட வீணாக்கவில்லை. அதோடு நிற்காமல், எடை குறைக்க ஹீட்டரையும் கழற்றி அந்த மெல்லிய குழாயின் வாயையும் அடைத்துவிட்டீர்கள். நான்காவது சிலிண்டரை இதைவிடத் தனிமையில் விட முடியாது.

பெரிய விசிறிகள் இரண்டும் அருமை. கார் நிற்கும்போது வேலை செய்கின்றன.

உங்களுக்கு இரண்டு இடம் தள்ளி நின்ற காரைப் புகழ ஒன்றும் இல்லை. ரேடியேட்டர் உங்களுடையதில் பாதிக்குச் சற்று அதிகமான கனம். துடுப்புகளில் கல்லடி, ஓரமெல்லாம் டயர் ரப்பர்த் துணுக்கு. அதையும் பார்க்க முடியாதபடி கோணலாக வெட்டிய தகடுகள் மறைத்திருந்தன. யாரும் படம் எடுக்கவில்லை. ஒதுக்கிய நேரம் முழுவதும் ஓடிவிட்டு வந்து, பானெட்டைத் திறக்காமலே அதன் சொந்தக்காரர் டயர் அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்தார்.

உங்கள் முதல் இரண்டு சுற்றுகள் அவரைவிட வேகமானவை. இதை யாரும் மறுக்க முடியாது. மூன்றாவதில் நீராவி கிளம்பியபோதும் வெப்பமானி முள் நடுவிலேயே நின்றது என்று பெருமையோடு சொன்னீர்கள். அந்த முள்ளின் நிதானம் பெரிது. ஓட்டுபவர் பதறக் கூடாது என்பதற்காகவே அகலமான ஒரு வெப்ப வரம்பு முழுவதும் நடுவிலேயே அசையாமல் நிற்கும்படி பல கார்களில் அதை அமைக்கிறார்கள். தண்ணீர் முழுதும் வெளியேறி, உணர்கருவி நீராவியில் தொங்கும்போது அது இறங்கக்கூடச் செய்யும். இரும்புப் பிளாக்கின் மேல் உட்கார்ந்த அலுமினிய ஹெட் வளைகிறது, கேஸ்கட் போகிறது, அப்போதும் அது உங்களுக்குக் கெட்ட செய்தி சொல்லாது. தளத்துக்குப் பக்கத்தில் ஹெட்டை மட்டம் பிடித்துக் கொடுக்கும் பட்டறை ஒன்று உண்டு. அங்கே உங்களைப் பெயர் சொல்லி அழைக்கிறார்கள். அந்த அளவு அன்பைச் சம்பாதித்தவர் தளத்தில் வேறு யாரும் இல்லை.