கை படாத வைத்தியம்

கேள்வி: ரெய்கிக்குப் போய் வந்த நாளில் என் மாமியார் நன்றாகத் தூங்குகிறார். தொடாமலே உடம்புக்குள் என்னதான் நடக்கிறது?

பதில்: போனை அணைத்து, மங்கலான வெளிச்சத்தில் படுக்கவைத்து, "கண்ணை மூடிக்குங்கம்மா" என்று ஒருவர் பரிவாகச் சொன்னால் எனக்கும்தான் தூக்கம் வரும். மூச்சு நிதானமாகிறது, வேகஸ் நரம்பு இதயத்துடிப்பைத் தணிக்கிறது, இறுகிய தோள்கள் தளர்கின்றன. இதுவரை மாமியார் கட்சி.

ரெய்கி செய்பவரின் உள்ளங்கையிலிருந்து பாய்வதாகச் சொல்லப்படும் 'சக்தி'தான் தகராறு. அமெரிக்காவில் எமிலி ரோசா என்ற சிறுமி, பள்ளி அறிவியல் கண்காட்சிக்காக, ரெய்கிக்கு ஒன்றுவிட்ட உறவான 'தெரபியூட்டிக் டச்' செய்பவர்களால் அந்தச் சக்தியை உணர முடிகிறதா என்று சோதித்தாள். மொத்தம் 21 பேர். தடுப்பட்டையின் ஓட்டை வழியே இரண்டு கைகளையும் நீட்ட வேண்டும். காசைச் சுண்டிப் பார்த்து, அந்தக் கைகளில் ஏதாவது ஒன்றின் மேல் தன் கையைத் தொடாமல் பிடிப்பாள். எந்தக் கை? 280 தடவையில் சரியான விடை 44 சதவீதம். குருட்டாம்போக்கில் சொல்லியிருந்தாலே பாதி தேறியிருக்கும்! 1998இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் இது வெளியானபோது அவளுக்கு வயது 11.

மாமியார் தாராளமாகப் போகட்டும். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் அதை மட்டும் நிறுத்த விடாதீர்கள். அவர் திரும்பி வரும்வரை வீட்டில் உங்கள் நரம்புகளும் தளருமே, அதற்கு யார் கட்டணம் கேட்கிறார்கள்?