சர்க்கார் வண்டி

1989 செப்டம்பர் கடைசியில் வட ஆற்காட்டைப் பிரித்து, 'திருவண்ணாமலை சம்புவராயர் மாவட்டம்' என்று எங்கள் ஊருக்குத் தனிக் கலெக்டரைக் கொடுத்தார்கள். ஊரில் திடீரென்று ஆபீசர்கள் பெருத்துவிட்டார்கள். யாருக்கு வணக்கம் வைப்பது, யாரைக் கண்டால் கடையைச் சாத்துவது என்று ஜனங்களுக்குப் பிடிபடாத நேரம். அந்த நேரம் பார்த்துத்தான், ஏலத்தில் போன மகிந்திரா ஜீப் ஒன்றை நான் வாங்கினேன். அம்மாவின் இரட்டைவடம் அடகுக்கடைக்குப் போனது. வேலையில்லாத பட்டதாரிக்கு ஜீப் எதற்கு என்று அப்பா கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார்.

வண்டியின் வம்சம் பெரிய இடம். 1945-ல் மகிந்திரா சகோதரர்கள் குலாம் முகமதுவோடு சேர்ந்து 'மகிந்திரா அண்ட் முகமது' என்று தொடங்கிய கம்பெனிதான், 1947-ல் நம் நாட்டில் வில்லிஸ் ஜீப்பைப் பூட்டியது. பிரிவினையில் முகமது பாகிஸ்தானுக்குப் போய் நிதியமைச்சரானார். கம்பெனி முதலெழுத்தை மாற்றாமல் 'மகிந்திரா அண்ட் மகிந்திரா' ஆகிவிட்டது. என் ஜீப்பும் அதே ஜாதகம். உள்ளே எது எந்த வண்டியிலிருந்து வந்தது என்று பட்டறைக்காரருக்கே தெரியாது. வெளியே பெயர் மட்டும் அப்படியே இருந்தது.

தரையில் மூன்று கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். ஒன்று கியர், ஒன்று நாலு சக்கரத்துக்கும் இழுவை கொடுக்க, ஒன்று மேட்டில் ஏற. பக்கத்தில் உட்காருகிறவர் முழங்காலை எங்கே வைப்பதென்று தெரியாமல் பத்மாசனம் போடுவார். செல்ஃப் எடுக்காது. ஆனால் தள்ள ஆளுக்குப் பஞ்சமே இல்லை. "சர்க்கார் வண்டி, ஒரு கை குடுப்பா!" என்று ஊரே கூடித் தள்ளும். மளிகைக்கடை வாசலில் நிறுத்தினால், உள்ளே தராசுத் தட்டு தானாக நேராகிவிடும். இந்த மாவட்டத்தில் நியாயமான எடையில் துவரம்பருப்பு வாங்கிய ஒரே குடும்பம் எங்களுடையது என்பது என் கணிப்பு.

ஒருமுறை போளூர் வழியாக ஜவ்வாது மலைக்குப் பலாப்பழம் வாங்கப் போனோம். ஜமுனாமரத்தூருக்கு அப்பால், மண்பாதை முடிகிற ஒரு ஊரில் வண்டியை நிறுத்தியதும் ஒரு பாட்டி ஓடிவந்து பானெட்டைப் பிடித்துக்கொண்டார்.

"முதியோர் பென்சனுக்கு எழுதிக்கினு போ சாமி."

"நான் ஆபீசர் இல்ல பாட்டி."

"எல்லா அய்யாவும் அப்படித்தான் சொல்றாங்க."

பதில் சொல்ல முடியவில்லை. பலாப்பழக் கணக்கு எழுத வைத்திருந்த நோட்டில், பானெட் மேலேயே வைத்து மனு எழுதினேன். அதற்குள் பின்னால் வரிசை நின்றுவிட்டது. திங்கட்கிழமை மனுநாளில் அத்தனையையும் கொண்டுபோய்க் கொடுத்தால், வாசலில் இருந்தவர் ஜீப்பைப் பார்த்துவிட்டு எழுந்து நின்று, "சார் எந்த பிளாக்?" என்கிறார். பாட்டிக்குப் பென்ஷன் வந்தது. அதன்பிறகு அந்த மலையில் நான் காசு கொடுத்துப் பலாப்பழம் வாங்கியதில்லை.

கார்த்திகை தீபத்தன்று ஊருக்குள் வண்டி விடமாட்டார்கள். வெளிமாவட்டத்திலிருந்து பந்தோபஸ்துக்கு வந்த இளம் போலீஸ்காரர் சல்யூட் அடித்துத் தடுப்பைத் தூக்கினார். மரியாதையை மறுக்கக் கூடாதே என்று உள்ளே போய்விட்டேன். வெளியே வந்தது மறுநாள் காலையில். தேரடி வீதியில் ஜனம் சூழ்ந்துகொண்டது. பானெட்டில் ஒரு குடும்பம் சுண்டல் பொட்டலத்தைப் பிரித்தது, பின்சீட்டில் யாரோ குழந்தையைத் தூங்கவைத்தார்கள். ஆறு மணிக்கு 2,668 அடி உச்சியில் தீபம் ஏறி, "அரோகரா" என்று ஊர் அதிர்ந்தபோது, பின்னாலிருந்து ஒரு அம்மா என் தோளைத் தட்டினார்: "டிரைவர் தம்பி, கொஞ்சம் குனிஞ்சுக்கோ, மறைக்குது."

பெண் பார்க்கப் போன இடத்தில், "மாப்பிள்ளை எந்த டிபார்ட்மென்ட்?" என்று கேட்டார்கள். கல்யாணத்துக்கு முன்பே வண்டியைச் செங்கல் சூளைக்காரர் ஒருவருக்கு விற்றேன்.

2010-ல் மகிந்திராவின் 'தார்' ஜீப் வந்தது. 2020-ல் அதற்குப் புது உருவம். கிரிவலப் பாதையோரம் இப்போது வரிசையாக நிற்கின்றன. ஏ.சி., பாட்டு, தொடுதிரை எல்லாம் உண்டு, நல்ல வண்டிதான். ஆனால் அதை நம்பி யாரும் ஒரு மனுகூடக் கொடுக்க மாட்டார்கள்.