எங்கள் வீட்டு டாக்கீஸ்

பழைய லேப்டாப்பைக் காயலான் கடைக்குப் போட மனம் வராதவர்களால்தான் வீடுகளில் மீடியா சர்வர் முளைக்கிறது. பேட்டரி செத்துக் கிடந்த ஒன்றை ஷோகேஸ் பொம்மைகளுக்குப் பின்னால் ஒளித்து, ஒரு ஹார்ட் டிஸ்க்கை மாட்டி, மோசர் பேர் காலத்தில் வாங்கிக் குவித்த டிவிடிகளையெல்லாம் அதில் ஏற்றினேன். இனி டிவி, போன், டேப் எதில் வேண்டுமானாலும் கம்பியில்லாமல் படம் ஓடும். எந்த மென்பொருள் போட்டேன் என்று சொல்லமாட்டேன். பிளெக்ஸ்காரர்களும் ஜெல்லிஃபின்காரர்களும் அடித்துக்கொள்வதைப் பார்த்தால் ரஜினி, கமல் ரசிகர்களெல்லாம் சாதுக்கள்.

இதில் ருசியே அடுக்குவதுதான். பார்ப்பதெல்லாம் மற்றவர்கள் வேலை. கோப்புக்குப் பெயர் வைத்தால் போதும், போஸ்டர், நடிகர் பட்டியல், கதைச் சுருக்கம் எல்லாவற்றையும் சர்வரே இணையத்தில் தேடி ஒட்டிவிடும். ஆனால் நம் சினிமாக்காரர்கள் பெயர் வைப்பதில் மகா சிக்கனம். பொல்லாதவன் 1980, 2007. தங்க மகன் 1983, 2015. படிக்காதவன் 1985, 2009. மாப்பிள்ளை 1989, 2011. நாலிலும் முன்னது ரஜினி, பின்னது தனுஷ். வருடம் போடாமல் விட்டால் யார் தலை யார் உடம்பில் உட்காரும் என்று சொல்ல முடியாது. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு உட்கார்ந்து வருடம் போடுவேன். "படம் பாக்கலையா?" என்பாள் மனைவி. இதென்ன கேள்வி!

அவளுக்குக் கவலை கரண்ட் பில். முப்பது வாட் இரவும் பகலும் எரிந்தால் இரண்டு மாதத்துக்கு நாற்பத்து மூன்று யூனிட். "கவர்மெண்ட் குடுக்கிற இலவச நூறுல கிட்டத்தட்ட பாதிய உங்க பொம்மை தின்னுடுது" என்றாள். கணக்கில் தப்பில்லை.

வைஃபை வேறு கதை. 5 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு வேகம் உண்டு, சுவர் ஆகாது. 2.4 சுவரைத் தாண்டும். ஆனால் அபார்ட்மெண்ட் முழுக்க அதில்தான் மொய்க்கிறது, ஒன்றோடொன்று இடிக்காத சேனல் மூன்றே மூன்று. அம்மாவின் அறை ரௌட்டருக்கு இரண்டு சுவர் தள்ளி என்பதால் அவருக்கு வாய்த்தது 2.4. மைக்ரோவேவ் அடுப்பு வேலை செய்வதும் அதே 2.4 சொச்சத்தில்தான்.

"டேய், உன் பொண்டாட்டி சாம்பார சுட வச்சா சிவாஜி ஏண்டா வாயத் தொறந்தபடியே நிக்கிறாரு?"

அலைவரிசையை விளக்கினேன். அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அவளுக்கு நான் படம் பாக்கறது பிடிக்கல, அத நேரா சொல்ல வேண்டியதுதானே" என்றார். சமையலறையில் பாத்திரம் ஒன்று சத்தமாக வைக்கப்பட்டது. மறுநாளே சுவர் ஓரமாக கிளிப் அடித்து அம்மாவின் டிவிவரை லேன் ஒயர் இழுத்தேன். கம்பியில்லா ஒளிபரப்பில் குடும்ப அமைதிக்கு வேண்டியது ஒரு நல்ல கம்பி.

எங்கள் கல்யாண கேசட்டையும் ஸ்டூடியோவில் கொடுத்து மாற்றி வாங்கி ஏற்றியிருந்தேன். ஸ்டூடியோக்காரர் வெறுமனே 'கல்யாணம்' என்று பெயர் வைத்திருந்தார். சர்வர் தேடிப் பார்த்து, கல்யாணப் பரிசு, 1959, இயக்கம் ஸ்ரீதர் என்று முடிவுகட்டி ஜெமினி கணேசன் போஸ்டரை ஒட்டிவிட்டது. மாற்றப் போனேன். "இருக்கட்டுமே" என்றாள் மனைவி, கொஞ்சம் அவசரமாக.

யார் எதைப் பார்த்தார்கள் என்று சர்வர் கணக்கு வைக்கும். நான் வருடம் போட்டு அடுக்கிய ரஜினியும் தனுஷும் தொடப்படாமல் கிடக்க, அம்மா கணக்கில் தினமும் ஓடுவது 'கல்யாணப் பரிசு'. அதிலும் பந்தி மட்டும். நிறுத்திய இடத்திலிருந்து தொடரும் வசதியை இவரைப்போல் அனுபவித்தவர் யாருமில்லை. ஒரு நாள் கூப்பிட்டார். திரையில் உறைந்து நின்றது திருச்சி அத்தை, கையில் பாயச டம்ளர்.

"பந்தியில யாருமே கவனிக்கல, சாப்பிடாமலே போனேன்னு இத்தனை வருஷமா சொல்றாளே, பாத்தியா? ரெண்டாவது டம்ளர்டா இது!"

அன்று மாலையே திருச்சிக்குப் போன் பறந்தது. அடுத்த வாரம் அத்தை மகன் என்னைக் கூப்பிட்டான். அவர்கள் வீட்டிலும் என் அம்மா வந்துபோன கல்யாணங்களின் கேசட் ஒரு பெட்டி நிறைய இருக்கிறதாம். எந்த சர்வர் நல்லது என்று கேட்டான்.