ஒத்த கருத்து உடம்புக்கு நல்லது

சாத்தான்குளம் டீக்கடையில் பேப்பரைப் பிரிக்கும்போதே தலையாட்டத் தொடங்கிவிடும் பெரியவர்கள் உண்டு. நல்ல பழக்கம், கழுத்துப் பிடிப்பு வராது. வாசகர் மனம் நோகக் கூடாது என்றுதான் ஆளுக்கொரு ஏடு இருக்கிறது: தி.மு.க.வுக்கு முரசொலி, மார்க்சிஸ்டுகளுக்குத் தீக்கதிர். அ.தி.மு.க.வின் கரிசனம் இன்னும் பெரிது. கட்சி உடைந்து 'நமது எம்.ஜி.ஆர்.' எதிரணி வசம் போனதும், 2018இல் 'நமது அம்மா'வைத் தொடங்கித் தொண்டரைக் காப்பாற்றிவிட்டது.

ஆனாலும் ஒத்துவருவதை மட்டும் படிப்பதில் முன்னோடி தாமிரபரணிக்காரர்தான்.

ரசிகமணி டி.கே.சி. தமக்கு ஒத்துவரும் ஆசிரியரைத் தேடி அலையவில்லை. கம்பனையே ஒத்துவரச் செய்தார். உள்ளத்தைத் தொட்டால் கம்பன் பாட்டு, தொடாவிட்டால் இடைச்செருகல். சுமார் பத்தாயிரம் பாட்டில் பெரும்பகுதி இப்படி வெளியேறியது. மிஞ்சியவற்றிலும் இடறிய சொற்களைத் திருத்திக் கொடுத்தார். கம்பனுக்கு இதைவிட நல்ல நண்பர் கிடைப்பாரா?

இந்த நாகரிகத்தைக் கெடுத்தவர் அண்ணா. கம்பராமாயணத்தைக் கொளுத்த வேண்டும் என்று 1943இல் சென்னை சட்டக் கல்லூரியில் ராஜவல்லிபுரத்து ரா.பி. சேதுப்பிள்ளையோடு வாதாடினார். கொளுத்தத் தீப்பெட்டி போதும். அண்ணாவோ காண்டம் காண்டமாகப் படித்து, பாட்டைப் பொறுக்கி, 'கம்பரசம்' என்று தனிப் புத்தகமே எழுதித் தொலைத்தார்.

கம்பனைப் போற்றுகிறவர்கள் இவ்வளவு சிரமப்படுவதில்லை. விழாவுக்கு வந்து, பொன்னாடை வாங்கிக்கொண்டு, கடைசி பஸ்ஸைப் பிடித்துவிடுகிறார்கள்.