மாசி கொஞ்சந்தான்

கற்பிட்டிக் கரையில், அதிலும் ஆலங்குடாப் பக்கம், பெருநாள் சாப்பாட்டுக்கு மரக்கறிக்காரர் ஒருவரைக் கூப்பிட்டிருக்கும் வீட்டில் கொஞ்சந்தான்காரர் ஒருவர் கட்டாயம் இருப்பார். பெரும்பாலும் அவர் அந்த வீட்டு ராத்தாதான். மனதில் கள்ளமில்லை, கையில் கஞ்சத்தனம் இல்லை. பாடசாலையில் தன்னோடு படிப்பிக்கும் டீச்சர் மச்சம் தொடமாட்டார் என்று தெரிந்து, பருப்பு, கத்தரிக்காய், பயற்றங்காய் என்று தனியாகச் சட்டி வைத்து ஆக்கியிருப்பார். ஆக்கியதைச் சொல்லாமல் இருக்கவும் அவரால் முடியாது. டீச்சர் முதல் கவளத்தை வாயருகே கொண்டுபோகும் நேரம் பார்த்து, “உங்களுக்கெண்டு வேறயா ஆக்கினது டீச்சர். மச்சம் ஒண்டும் இல்ல. மாசி கொஞ்சந்தான் போட்டிருக்கு, வாசத்துக்கு” என்பார். கவளம் அந்தரத்தில் நிற்கும். டீச்சர் சிரிப்பார்; தயிர் இருக்கிறதா என்று கேட்பார். இந்த இனத்தில் ஆண் வகையும் உண்டு. டிசம்பரில் டொல்பின் பார்க்க வருகிறவர்களுக்கும், ஆடிக் காற்றில் பட்டத்தைப் பிடித்துக் கடலில் சறுக்க வருகிறவர்களுக்கும் கரையோர விடுதிகளில் சமைத்துப் போடும் அண்ணன்மார் அவர்கள். வீகன் என்று சொல்லிக்கொண்டு வந்த வெள்ளைக்காரியிடம், “நோ பிஷ் மேடம், ஒன்லி மோல்டிவ் பிஷ்” என்று நெஞ்சில் கைவைத்துச் சத்தியம் செய்வார்கள். அதில் பொய் துளியும் கிடையாது. அவர்கள் முழு மனதோடு நம்புவதைத்தான் சொல்கிறார்கள்.

இந்த நம்பிக்கைக்கு நியாயமான காரணங்கள் இருக்கின்றன. சூரை மீனை அவித்து, புகையில் வாட்டி, விறகுபோல் இறுகும்வரை வெயிலில் காய வைத்தால் மாசி. அது குசினியில் இருப்பது மீன் சட்டிக்குப் பக்கத்தில் அல்ல. மஞ்சள், சீரகம், கறுவாப்பட்டை இருக்கும் தட்டில். இடித்துப் போடும் பொருள் எதுவும் ராத்தாவின் கணக்கில் சரக்குத்தான். அதற்கு மேல் மார்க்கமும் அவருக்கு ஒரு வகையில் துணை நிற்கிறது. ஆட்டுக்கும் மாட்டுக்கும் கோழிக்கும் முறைப்படி அறுப்பு வேண்டும்; மீனுக்கு வேண்டாம். அறுப்பு இல்லாத ஒன்று அவர் மனதில் இறைச்சிப் பக்கம் சேர்வதே இல்லை. தலவில் புனித அன்னம்மாள் கோவிலுக்குப் போகும் கத்தோலிக்க அயலவரும் தவக்கால வெள்ளிக்கிழமையில் இறைச்சியைத்தான் விடுகிறார், மீனை விடுவதில்லை. ஆகவே இந்தக் கரையின் இரண்டு மார்க்கங்கள் மீனுக்குத் தனிச் சலுகை கொடுத்தாயிற்று. அந்தச் சலுகைக்கு வெளியே அகப்பட்டு நிற்பவர் டீச்சர் ஒருவர்தான். ராத்தாவை மறுக்க வேண்டுமானால் ஒரு முஸ்லிமின் சாட்சியே இருக்கிறது. மாலைதீவில் காழியாராக இருந்துவிட்டு 1344இல் புத்தளத்தில் வந்து இறங்கிய இப்னு பதூதா, மாலைதீவில் தின்ற அந்த மீனைப் பற்றி எழுதிவைத்திருக்கிறார்: சதை சிவப்பு, கொழுப்பில்லை, வாசம் ஆட்டிறைச்சி வாசம். ஆக, வாசத்துக்குப் போட்ட மாசி ஒரே சிட்டிகையில் மீனையும் ஆட்டையும் சேர்த்து டீச்சரின் கோப்பைக்குக் கொண்டுவந்துவிடுகிறது.

ஆனாலும் மாசி மேலே தெரியும் குற்றவாளி மட்டுமே. கோளாறு விருந்தைத் திட்டமிடும் முறையில் இருக்கிறது என்பது என் வாதம். கொஞ்சந்தான்காரர் விருந்தைக் கழித்தல் கணக்காகப் போடுகிறார். முதலில் மாட்டிறைச்சி, அடுத்துக் கோழி, பிறகு அவற்றுக்குத் தோதான சோறு, அந்தச் சோற்றுக்குத் தோதான தொட்டுக்கொள்ளல் என்று முழு விருந்தும் மனதில் எழும்பிய பிற்பாடுதான் டீச்சரின் ஞாபகம் வருகிறது. உடனே கழிக்கத் தொடங்குகிறார். இறைச்சியைக் கழித்த இடத்தில் ஒரு பள்ளம் தெரியும். அந்தப் பள்ளத்தை நிரப்பச் சோயாமீட் வரும். மாட்டிறைச்சிக்குப் போட்ட அதே சரக்கு, அதே நிறம், அதே எண்ணெய். மாடு மட்டும் இல்லை. இறைச்சியே வேண்டாம் என்று முடிவெடுத்த ஒருவருக்கு இறைச்சியின் சாயலைச் செய்து கொடுப்பதைப் பெரிய உபசாரம் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். டீச்சர் அதையும் தின்பார், பாவம்.

கூட்டல் கணக்காகப் போட்டுப் பார்த்தால் வேறு விடை வருகிறது. ஆலங்குடா மீனுக்கும் கருவாட்டுக்கும் பேர்போன கரையில் இருக்கிறது என்பது உண்மை. ஆனால் கற்பிட்டித் தீபகற்பத்தின் மணலில் கிணற்றுத் தண்ணீரை இறைத்து இறைத்து வெங்காயமும் மிளகாயும் பீற்றூட்டும் விளைவிக்கிறார்கள்; லொறி லொறியாக வெளியே போகின்றன. இலங்கையின் தேங்காய் முக்கோணத்தில் புத்தளம் ஒரு மூலை. உப்பு பாலாவி அளங்களில் விளைகிறது. மரக்கறிச் சமையலுக்கு அடிப்படையான பொருளெல்லாம் காலடியில் கிடக்கையில், மரக்கறியை வெளியூர் விருந்தாளி என்று நடத்துவது வேடிக்கை. பெருநாள் கோப்பையில் உள்ளதையே எடுத்துப் பார்க்கலாம். நெய்ச்சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பிரட்டல், அன்னாசிக் கறி, அச்சாறு, கீரைச் சுண்டல்: இவை பிறப்பிலேயே மரக்கறி. மச்சம் இரண்டு சட்டிதான். அப்படியிருக்க, பெரும்பான்மையாக உள்ள மரக்கறியில் மாசியையும் இறைச்சி அவித்த தண்ணீரையும் கலந்து மச்சமாக்கிவிட்டு, பிறகு டீச்சருக்கென்று புதிதாக மரக்கறி ஆக்கக் கிளம்புவதுதான் ராத்தா படும் பாடு. இரட்டை வேலை அவராகவே தன் தலையில் போட்டுக்கொண்டது.

சோற்றைத் தெரிவதிலேயே பாதி விருந்து தீர்மானமாகிவிடும். புரியாணி பிரிக்க முடியாத சோறு. மூடி போட்டுத் தம்மில் வைத்த பிறகு எது அரிசி, எது ஆட்டுச் சாறு என்று யாராலும் சொல்ல முடியாது. அதிலிருந்து ‘இறைச்சி படாத பக்கம்’ என்று கிண்டிக் கொடுப்பது கொஞ்சந்தான்காரரின் இரண்டாவது சாகசம். நெய்ச்சோறு அப்படியல்ல, நெய், ரம்பை, ஏலம், கறுவா, வெங்காயம் என்று தனியே நின்று, பக்கத்தில் எதை வைத்தாலும் ஏற்றுக்கொள்ளும். அடுத்த சிக்கல் சஹன். ஒரு தட்டைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து ஒரே குவியலில் கைவைத்துத் தின்னும் அழகான வழக்கம் அது. சோற்றின் உச்சியில் இறைச்சி அமர்ந்திருக்கும். அந்த ஆறில் ஒருவர் மரக்கறி என்றால், அவர் தன் பக்கத்து ஆறில் ஒரு பங்கை எல்லைக் காவலர் போலக் காத்துக்கொண்டு தின்ன வேண்டிவரும். மற்ற ஐவரும் நடுவிலிருந்து எடுக்கும்போது குழம்பு எல்லை தாண்டாமல் பார்ப்பதிலேயே நேரம் போய்விடும். தனிக் கோப்பை கொடுத்தாலோ ஒதுக்கிவைத்தது போலாகும். வழி லேசு: சஹனில் சோறும் மரக்கறியும் மட்டும் பரிமாறி, இறைச்சியைக் கிண்ணத்தில் வைத்தால் ஆறு பேரும் ஒன்றாகவே தின்னலாம். இறைச்சி வேண்டியவருக்குக் கை நீட்ட ஒரு சாண் தூரம்தான் கூடுதல்.

பெருநாள் என்றாலே இறைச்சிதானே, ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஏழு பேர் பங்கு சேர்ந்து மாடறுத்துக் குர்பான் கொடுக்கும் வீட்டில் மரக்கறியை முன்னுக்கு வைத்தால் பெருநாள் களை போகாதா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. இறைச்சியைக் குறைக்கச் சொல்லவில்லை; கிண்ணத்துக்கு மாற்றத்தான் சொல்கிறேன். கிண்ணத்தில் உள்ள இறைச்சி சோற்றில் கிடக்கும் இறைச்சியைவிடக் குறைந்த இறைச்சி ஆகிவிடாது. குர்பானின் சிறப்பே பங்கிடுவதில் இருக்கிறது. பங்கு வேண்டாத ஒருவருக்கும் சபையில் இடம் வைப்பதால் அந்தச் சிறப்பு குறைய வழியில்லை.

“கொஞ்சந்தானே, தெரியாமல் தின்றால் என்ன குற்றம்?” என்பது இதைவிட வலுவாகச் சொல்லப்படும் வாதம். இதற்கு விடை ராத்தாவிடமே இருக்கிறது. கடையில் பிஸ்கட் பக்கற்றைத் திருப்பி, ஹலால் முத்திரையைத் தேடி, பொடி எழுத்தைக் கண்ணைச் சுருக்கி வாசிப்பவர் அவர். இனிப்பில் ஜெலட்டின் இருந்தால் அது எந்த மிருகத்திலிருந்து வந்தது என்று கேட்டுத் தெளிந்த பிறகே பிள்ளைக்குக் கொடுப்பார். யாராவது அவரிடம் ‘கொழுப்பு கொஞ்சந்தான், வாசத்துக்கு’ என்று சொல்லிப் பார்க்கட்டும்! அளவு சிறிதாக இருப்பதால் விலக்கு விலக்காகாமல் போவதில்லை என்பதை இந்தக் கரையில் அவரைவிடத் தெளிவாக அறிந்தவர் இல்லை. தன் விலக்கில் இவ்வளவு கறாரானவர் பிறர் விலக்கில் இவ்வளவு தாராளமாக இருப்பதுதான் இந்த மனிதவகையின் சுவையே. ஜெலட்டினைத் தவிர்க்க அவர் கண்ட வழியும் டீச்சருக்குப் பொருந்துகிறது: கடற்பாசி. நோன்பு காலத்தில் பாலும் சீனியும் சேர்த்துக் காய்ச்சி உறைய வைக்கும் அந்தப் பண்டத்தில் மிருகம் எதுவும் இல்லை. பாசி புத்தளம் களப்பிலேயே வளர்கிறது. வட்டலப்பம் அப்படியல்ல. தேங்காய்ப்பாலும் கித்துள் கருப்பட்டியும் கண்ணுக்குத் தெரிய, முட்டை உள்ளே மறைந்திருக்கிறது. ராத்தாவின் மாசியிடமிருந்து தப்பியவர்கள் கடைசியில் விழும் கிடங்கு இதுதான்.

எல்லாப் பழியையும் சமைப்பவர் தலையில் கட்டுவதும் சரியல்ல. மரக்கறிக்காரர்களிலும் தொல்லைக்காரர் உண்டு. செவ்வாய் வெள்ளி மட்டும் மரக்கறி என்கிறவர். ‘துண்டு வேண்டாம், குழம்பு மட்டும் விடுங்க’ என்கிறவர். ‘எனக்கொண்டும் வேணாம், வெறுஞ்சோறு காணும்’ என்று தியாகி வேடம் போட்டு முழு வீட்டையும் குற்றவாளி ஆக்குகிறவர். உடப்பில் வருடம் முழுதும் கடலை நம்பி வாழும் குடும்பத்தார், திரௌபதி அம்மன் தீமிதி விரதத்தில் மீன் பக்கமே திரும்பமாட்டார்கள். போன மாதம் நண்டு தின்ற அதே வாய் இந்த மாதம் மாசியைக் கண்டு நடுங்கும். போயாவுக்கு இறைச்சிக் கடை பூட்டியிருப்பதால் அன்று மட்டும் மரக்கறி ஆகிறவர்களும் இருக்கிறார்கள். இத்தனை விதத்தையும் ராத்தா எப்படிக் கண்டுபிடிப்பது என்றால், கேட்டால் போதும்: முட்டை தின்பீர்களா, மாசி ஆகுமா, இறைச்சியில் போட்ட அகப்பை பட்டால் பரவாயில்லையா? ஆலங்குடாவில் பல வீடுகள் 1990 ஒக்டோபரில் புலிகள் வடக்கிலிருந்து விரட்டிய முஸ்லிம்களின் வீடுகள். மன்னாரில் சைவக்காரருக்கு அடுத்த வளவில் இருந்து பழகிய பெரியம்மாக்கள் அந்த வீடுகளில் இன்னும் இருக்கிறார்கள். இந்தக் கேள்விகள் அவர்களுக்குப் புதிதல்ல.

தின்னாதவரால் சபைக்கே இடைஞ்சல் என்று முணுமுணுப்பவர்களுக்கு இப்னு பதூதா ஒரு கதை வைத்திருக்கிறார். ஷீராஸ் நகரத்துச் சூபி இப்னு கஃபீஃப், ஏறத்தாழ முப்பது பக்கீர்களோடு இந்தத் தீவின் பாவா ஆதம் மலைக்குப் போகும் வழியில் பசியில் சிக்கினார். கூட வந்தவர்கள் ஒரு யானைக்குட்டியைப் பிடித்துத் தின்னலாம் என்றார்கள். அவர் வேண்டாம் என்றார்; கேட்கவில்லை, தின்றார்கள். இரவு யானைகள் வந்து ஒவ்வொருவராக மோந்து பார்த்துத் தின்றவர் அத்தனை பேரையும் கொன்றன. தின்னாத சூபியை ஒரு யானை முதுகில் ஏற்றிக்கொண்டுபோய் ஊரில் விட்டது. அன்றும் சபையில் மறுத்தவர் ஒருவர்தான். அதே மலைக்கு இப்னு பதூதா புறப்பட்டபோது அரசர் ஆரியச் சக்கரவர்த்தி துணைக்கு அனுப்பியவர்களில் நான்கு யோகிகளும் மூன்று பிராமணரும் இருந்தார்கள். சாப்பாட்டுச் சாமான் சுமக்க மட்டும் பதினைந்து பேர். கலவைப் பந்திக்கு ஆள்பலம் எவ்வளவு வேண்டும் என்பது அரசருக்குத் தெரிந்திருக்கிறது.

ராத்தாவுக்குப் பதினைந்து பேர் வேண்டாம். மரக்கறிச் சட்டிகளை முதலில் இறக்கி, அந்த அகப்பையைக் கழுவிவிட்டு இறைச்சியைத் தொடங்கினால் சரி. மாசியை இடித்துச் சின்னக் கிண்ணத்தில் மேசையில் வைத்தால் வேண்டியவர் தூவிக்கொள்வார். ஒரு விஷயத்தில் மட்டும் கணக்குப் பிழைக்கக்கூடாது. இருபத்து நான்கு பேர் வரும் விருந்தில் மரக்கறிக்காரர் ஒருவர்தானே என்று கத்தரிக்காயை ஒருவருக்கு அளந்து ஆக்குகிறார்கள். இறைச்சி தின்கிறவர்கள்தான் அந்தக் கத்தரிக்காயை முதலில் பார்ப்பார்கள். ‘டீச்சருக்கு ஆக்கினதா? ருசி பார்ப்போம்’ என்று ஆளுக்கொரு கரண்டி எடுத்தால் டீச்சர் வரும்போது சட்டியில் எண்ணெய்தான் இருக்கும். ஆகவே கத்தரிக்காய் இருபத்து நான்கு பேருக்கு ஆக்க வேண்டும், டீச்சர் முதலில் போட்டுக்கொள்ள வேண்டும்.